பத்து வரிகளுக்குள்

தண்ணீர்க் கட்டணச் சீட்டு வந்த
அதே உறையில் வந்தது உங்கள் படிவம்.
வடக்கே இன்னொரு கால்பந்து அரங்கம் கட்டலாமா,
கருத்தைப் பத்து வரிகளுக்குள் எழுதுக என்று.
படிவத்தில் ஆங்கிலம் இருக்கிறது, ஸூலு இருக்கிறது.
எனக்குக் கோபம் வருவது தமிழில்.
அதனால் முதலில் இங்கே, உறையின் முதுகில்.

நான் பூபாலன் மூட்லி. வெருலம்.
டர்பனில் முன்பு கட்டிய அரங்கத்தில்
பதினோரு வருடமாகப் புல்லுக்குத் தண்ணீர் விடுகிறேன்.

புல்லைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது:
கூரை அத்தனை உயரம் என்பதால்
குளிர்காலத்தில் வடக்கு மூலையில் வெயில் விழாது.
அதற்கென்று சக்கரம் வைத்த விளக்குக் கட்டில்கள் உண்டு.
இரவெல்லாம் அவற்றைத் தள்ளித் தள்ளி
புல்லுக்குப் பொய்ச்சூரியன் காட்டுவோம்
நானும் தொகோசானியும்.
அதே நேரம் எங்கள் தெருவில் மின்வெட்டு.
கோகிலம் போனில் கேட்பாள்,
"அங்கே என்ன, விடிந்துவிட்டதா?"

ஆறு வாரமாகக் குழாயில் காற்று.
திறந்தால் இருமுகிறது.
லாரி செவ்வாயும் வெள்ளியும் வரும், அல்லது வராது.
வேலை முடிந்து நேராக வரிசைக்குப் போனேன் ஒரு நாள்.
மிஸஸ் படையாச்சி என் பூட்ஸைப் பார்த்தார்.
நனைந்திருந்தது. ஓரத்தில் புல் ஒட்டியிருந்தது.
ஒன்றும் சொல்லவில்லை அவர்.
தன் வாளியை மட்டும்
என் காலிலிருந்து ஓர் அடி தள்ளி வைத்தார்.

அன்றிலிருந்து திருடுகிறேன். எழுதிக்கொள்ளுங்கள்.
இரண்டு லிட்டர் கோலா பாட்டில், நாலு,
சாப்பாட்டுப் பைக்குள்.
வாசல் காவலாளி ஒன்றைத் திறந்து முகர்ந்தான்.
"வெறும் தண்ணீரா?" என்றான் ஏமாந்துபோய்.
பிறகு தனக்கும் ஒன்று கேட்டான். அவன் வீடு இனாண்டாவில்.

கடைசி லீக் ஆட்டத்துக்கு வந்தவர்களைத்
தொகோசானி மேல்வரிசையில் நின்று எண்ணினான்.
எண்ணி முடித்தான் என்பதுதான் செய்தி.
காலி இருக்கைகளுக்கு வேறு வேறு நிறம் பூசியிருக்கிறது,
டிவியில் ஆள் இருப்பதுபோலத் தெரிய.
கெட்டிக்காரத்தனம்தான்.

ஆனால் ஒன்றை மறைத்தால் எனக்கே அடுக்காது.
ஜூன் மாதம், பள்ளிப் பையன்களின் இறுதி ஆட்டம்.
க்வாமாஷூ பக்கத்துக் கோல்கீப்பர், பதின்மூன்று வயதிருக்கும்,
விசில் அடிக்குமுன் குப்புறப் படுத்து
புல்லில் கன்னத்தை வைத்தான்.
அடிபட்டதோ என்று ஓடினேன்.
"ஒன்றுமில்லை அங்கிள், சும்மா" என்றான்.
அவன் பள்ளி மைதானம் செம்மண்.
அங்கே விழுந்தவன் கதையை முழங்கால் சொல்லும்.
அன்று ஐந்து கோல் வாங்கினான்.
ஐந்துக்கும் பாய்ந்தான்,
வெளியே போன பந்துகளுக்கும் பாய்ந்தான்,
விழுவதற்காகவே விழுந்தான்.
அவன் கன்னத்தின் அடியில் இருந்தது
நான் வளர்த்தது.

அந்தப் புல்லில் ஒரு பாய் அளவு வெட்டி
அவன் பள்ளிக் கோல்வாயில் போடலாமா என்று
மேலாளரிடம் கேட்டேன்.
பட்ஜெட்டில் அதற்குத் தலைப்பு இல்லையாம்.

புது அரங்கம் வந்தால் நான் தலைமைப் புல்காரன்,
சம்பளம் கூடும். கோகிலத்துக்கும் தெரியும்.
வேண்டாம் என்று எழுதினால் என் வாயில் நானே மண் போடுவது.
வேண்டும் என்று எழுதினால்
மறுநாள் வரிசையில் நிற்க வேண்டும், அதே பூட்ஸோடு.

சம்மதம், சம்மதமில்லை, இரண்டு கட்டம்.
பேனாவைத் திறந்தேன், லாரி ஹாரன் கேட்டது.
பேனாவைப் போட்டுவிட்டு வாளிகளோடு ஓடினோம்.
திரும்பி வந்து, கொசு விழாமலிருக்க
கைக்கு அகப்பட்ட காகிதத்தால் வாளியை மூடினாள் கோகிலம்.
காலையில் பார்த்தால் உங்கள் படிவம்.
ஈரத்தில் மை பரவி
இரண்டு கட்டமும் ஒரே கட்டம்.

வேறு படிவம் அனுப்புங்கள்.
நேரில் கேட்க வருவதானாலும் சரி.
வெறுங்கையோடு வேண்டாம்,
இருபத்தைந்து லிட்டர் கேன் ஒன்று,
நிரப்பி.